புகைபிடிப்பவருக்கு ஆன்டிஆக்சிடன்ட்: தட்டில் வருவதும் அட்டையில் வருவதும்

புகைப்பழக்கத்தை இன்றே விட முடியாது என்று நினைக்கும் ஒருவரும், அவருக்குச் சமைத்துப் போடும் குடும்பத்தாரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: உள்ளே போகும் புகையின் கேட்டைச் சாப்பாட்டைக் கொண்டாவது ஓரளவு குறைக்க முடியுமா? இதற்கு விடையாக அவர்கள் முன் பொதுவாக மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. காய், கனி, கீரை ஆகியவற்றை அன்றாட உணவில் கூட்டிக்கொள்வது ஒன்று. அவற்றையே சாறாகவும் பொடியாகவும் செறிவாக்கி எடுத்துக்கொள்வது மற்றொன்று. மருந்துக் கடையில் ‘ஆன்டிஆக்சிடன்ட்’ (உடலில் கேடு செய்யும் மூலக்கூறுகளைத் தணிக்கும் சத்து) என்ற பெயரோடு அட்டை அட்டையாகக் கிடைக்கும் கேப்ஸ்யூலை விழுங்குவது மூன்றாவது. மூன்றிலும் இருப்பது ஒரே பொருள்தானே, எது எளிதோ அதை எடுத்துக்கொண்டால் போயிற்று என்று தோன்றுவது இயல்பு. ஆனால் புகைபிடிப்பவரைப் பொறுத்தவரை இம்மூன்றும் ஒன்றல்ல என்பதும், மூன்றாவது வழி அவருக்குத் தீங்கே செய்யக்கூடும் என்பதும் பல்லாயிரம் பேரை வைத்து நடத்தப்பட்ட சோதனைகளில் தெரியவந்தவை. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் காசு நட்டத்தோடு முடிந்துவிடும் ஒரு மாத்திரை, இவருக்கு அதோடு நிற்பதில்லை.

நம்பிக்கை பிறந்த விதம்

சிகரெட்டின் ஒரே இழுப்பில், வாயு வடிவில் மட்டும், ஏறக்குறைய பத்துக் கோடி கோடி ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது உயிரணுக்களைத் தாக்கிச் சேதப்படுத்தும் நிலையற்ற மூலக்கூறுகள், உள்ளே போகின்றன என்று வேதியியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒன்றுக்குப் பின்னால் பதினைந்து சுழிகள் இட்டால் வரும் எண் அது. அவற்றைத் தணிப்பதில் உடலின் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டினாய்டுகள் (காய், கனி, கீரைகளில் உள்ள நிறமிகள்; பீட்டா கரோட்டின் அவற்றில் ஒன்று) முதலிய ஆன்டிஆக்சிடன்ட்கள் செலவாகின்றன. அதனால்தான், ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிடும் இருவரில் புகைபிடிப்பவரின் இரத்தத்தில் வைட்டமின் சியும் பீட்டா கரோட்டினும் குறைவாக இருக்கின்றன. அமெரிக்காவின் ஊட்டச்சத்துப் பரிந்துரை, வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 90 மி.கி. வைட்டமின் சி என்றும் பெண்ணுக்கு 75 மி.கி. என்றும் வகுத்துவிட்டு, புகைபிடிப்பவர்களுக்கு அதற்கு மேல் 35 மி.கி. கூடுதலாகச் சொல்கிறது. ஆக, குறைகிறது என்பது உண்மை. குறைவதை ஈடுசெய்ய வேண்டும் என்பதும் நியாயமே. எந்த வடிவில் ஈடுசெய்வது என்பதில்தான் சிக்கல்.

காய்கனி அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பதை 1970களிலும் 80களிலும் வந்த கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டின. பிரிட்டனின் நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்டோர் 1981இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, உணவிலுள்ள பீட்டா கரோட்டின் மனிதரின் புற்றுநோய் விகிதத்தைக் கணிசமாகக் குறைக்குமா என்ற கேள்வியை நேராகவே எழுப்பியது. விடை காண ஒரே வழி, பல்லாயிரம் பேருக்கு மாத்திரை கொடுத்துப் பல ஆண்டுகள் காத்திருப்பதுதான். அப்படியே செய்தார்கள்.

கேப்ஸ்யூல் வழி: சோதித்தபோது நடந்தது

முதல் பெரிய சோதனை பின்லாந்தில் நடந்தது. அந்நாட்டின் தேசியப் பொதுச் சுகாதார நிறுவனமும் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் இணைந்து நடத்திய அச்சோதனையில், 50 முதல் 69 வயதுவரை உள்ள 29,133 ஆண்கள் சேர்க்கப்பட்டனர், அனைவரும் புகைபிடிப்பவர்கள். சிலருக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. பீட்டா கரோட்டின், சிலருக்கு 50 மி.கி. வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், எஞ்சியோருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கண்காணித்து 1994இல் முடிவை வெளியிட்டபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. எல்லாக் காரணங்களையும் சேர்த்த இறப்பும் 8 சதவீதம் கூடியிருந்தது. குறையும் என்று எதிர்பார்த்து வைத்த சோதனையில் கூடியது.

ஒரு சோதனை தவறிப் போயிருக்கலாம் என்று அப்போது சிலர் வாதிட்டதில் வியப்பில்லை. ஆனால் இரண்டே ஆண்டில் அமெரிக்காவில் அதைவிடத் தெளிவான செய்தி வந்தது. சியாட்டிலை மையமாகக் கொண்டு நடந்த, கேரெட் (CARET) என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வில், புகைபிடிப்பவர்கள், புகையை விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என 18,314 பேர் இருந்தனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 30 மி.கி. பீட்டா கரோட்டினும், 25,000 ஐயூ (வைட்டமின்களை அளக்கும் பன்னாட்டு அலகு) வைட்டமின் ஏ-யும் தரப்பட்டன. நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மொத்த இறப்பு 17 சதவீதமும் கூடியிருப்பது தெரிந்ததும், திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாகவே, 1996 ஜனவரியில் மாத்திரை கொடுப்பது நிறுத்தப்பட்டது.

அதே ஆண்டு வெளியான மூன்றாவது ஆய்வு ஒன்றையும் இவற்றின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரில் பாதிப் பேர், ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மி.கி. பீட்டா கரோட்டினை ஏறக்குறைய 12 ஆண்டுகள் எடுத்தும் நன்மையோ தீமையோ தெரியவில்லை. அந்த மருத்துவர்களில் தொடக்கத்தில் புகைபிடித்துக்கொண்டிருந்தவர்கள் 11 சதவீதமே. மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், மாத்திரை தனியாகக் கொல்வதில்லை, புகையோடு சேரும்போதுதான் கேடு செய்கிறது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. பின்லாந்துத் தரவுகளை மேலும் பிரித்துப் பார்த்தபோதும் இதே சித்திரம் தெரிந்தது: நாளொன்றுக்கு 20 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தவர்களிடமும், அளவாகவேனும் அன்றாடம் மது அருந்தியவர்களிடமும்தான் கூடுதல் புற்றுநோய் குவிந்திருந்தது, குறைவாகப் பிடித்தவர்களிடம் அந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. அதிகம் புகைப்பவருக்குத்தான் பாதுகாப்பு அதிகம் வேண்டும் என்று எண்ணி அவருக்கே கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுப்பது எவ்வளவு தலைகீழான அக்கறை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதே ஆண்கள், நேரெதிர் முடிவு

பின்லாந்து ஆய்வில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் பகுதி ஒன்று இருக்கிறது. இந்த ஒப்பீட்டுக்கு அதுவே உயிர்நாடி. மாத்திரை தொடங்குவதற்கு முன்பே அந்த 29,133 பேரில் பெரும்பாலோரின் சாப்பாட்டைப் பற்றிய விவரங்களும் இரத்த மாதிரிகளும் எடுக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பின்னாளில் ஒப்பிட்டபோது, உணவின் வழியாகப் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் அதிகம் பெற்றிருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்திருந்தது. ஆக, ஒரே நாடு, ஒரே வயதினர், ஒரே பழக்கம், ஒரே பொருள். தட்டில் வந்தபோது ஒரு திசை, அட்டையில் வந்தபோது எதிர்த் திசை.

ஏன் என்பதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. ஒன்றை மற்றொன்று விலக்குவதில்லை.

முதலாவது அளவு. உணவில் உள்ள பீட்டா கரோட்டின் தாவரத்தின் செல்சுவருக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. குடல் அதில் ஒரு சிறு பங்கையே எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க ஊட்டச்சத்துக் கணக்கின்படி, ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைக்க உணவிலுள்ள பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் வேண்டும். எண்ணெயில் கரைத்த மாத்திரை வடிவில் என்றால் 2 மைக்ரோகிராம் போதும். இதே விகிதத்தை வைத்துப் பார்த்தால், பின்லாந்து மாத்திரையின் 20 மி.கி. என்பது உணவில் ஏறக்குறைய 120 மி.கி.-க்குச் சமம். நூறு கிராம் கேரட்டில் சுமார் 8 மி.கி. இருக்கிறது என்பதால், அந்த அளவை எட்ட ஒருவர் தினமும் ஒன்றரைக் கிலோ கேரட்டை மென்று தின்றாக வேண்டும். இரத்தத்திலும் இது தெரிந்தது: மாத்திரை எடுத்த பின்லாந்து ஆண்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் முன்பிருந்ததைப் போல் பதினேழு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. காய்கறியைத் தின்று எந்த மனிதரும் அந்த உயரத்தை எட்டுவதில்லை.

இரண்டாவது, அத்தனை அளவு புகையோடு சந்திக்கும்போது நடக்கும் வேதியியல். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபெரெட் என்னும், கீரியைப் போன்ற சிறு விலங்குகளை வைத்துச் சோதனை செய்தார்கள். எலிகளைப் போலன்றி அவை பீட்டா கரோட்டினை மனிதர்களைப் போலவே சிதையாமல் உறிஞ்சுபவை. அதிக அளவு பீட்டா கரோட்டினும் புகையும் சேர்ந்து போனபோது, நுரையீரலில் உயிரணுக்களை ஒழுங்காக முதிரச் செய்யும் ரெட்டினாயிக் அமிலம் குறைந்தது. உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் புரதங்கள் கூடின. புற்றுநோய்க்கு முன்னோடியான திசு மாற்றங்கள் தோன்றின. புகையிலுள்ள ஃப்ரீ ராடிக்கல்கள் பீட்டா கரோட்டினையே உடைத்து, அதன் சிதைவுப் பொருள்களைக் கேடு செய்பவையாக மாற்றுகின்றன. காவலுக்கு வைத்தவனே கன்னம் வைப்பவனோடு சேர்ந்துகொள்வதைப் போன்றது இது. அளவு குறைவாக, உணவோடு ஒத்த அளவில் கொடுத்தபோது ஃபெரெட்டுகளிடம் அத்தகைய கேடு தெரியவில்லை.

மூன்றாவது விளக்கம் உணவின் பக்கம் நிற்பவர்களுக்கு அவ்வளவு உவப்பானதன்று, ஆனாலும் சொல்லியாக வேண்டும். காய்கனி அதிகம் உண்ணும் புகைப்பவர், குறைவாக உண்ணும் புகைப்பவரிடமிருந்து வேறு பல வகைகளிலும் மாறுபட்டவர். அவர் பிடிக்கும் சிகரெட்டின் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், ஆழ இழுக்காமல் இருக்கலாம், குடிக்காமல் இருக்கலாம், வருமானம் கூடுதலாக இருக்கலாம். போதாததற்கு, அதிகம் புகைத்தாலே இரத்தத்தில் கரோட்டின் குறைந்துவிடுகிறது. எனவே குறைந்த கரோட்டின் என்பது நோய்க்குக் காரணமாக இல்லாமல், கூடுதல் புகைக்கு அடையாளமாக மட்டுமேகூட இருக்கலாம். ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்க்கிறார்கள் என்றாலும், முழுமையாகக் கழித்துவிட முடிவதில்லை. ஆகவே கீரை புகைப்பவரைப் புற்றுநோயிலிருந்து காக்கிறது என்று உறுதியிட்டுக் கூற முடியாது. கீரை அவருக்குக் கேடு செய்வதாக எந்த ஆய்வும் காட்டவில்லை என்று மட்டும் உறுதியாகக் கூறலாம். பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு இந்த இரண்டாவது வாக்கியம் போதுமானது.

உணவு வழி: கிடைப்பது என்ன, எதிர்பார்க்கக் கூடாதது என்ன

புற்றுநோயை விட்டுவிட்டு, மூச்சுக்குழல்கள் நாட்பட அடைத்துக்கொள்ளும் சிஓபிடி நோயைப் பார்த்தால் உணவின் பங்கு இன்னும் சற்றுத் தெளிவாகத் தெரிகிறது. சுவீடனில் 44,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு நாளில் கூடுதலாக உண்ணும் ஒவ்வொரு பரிமாறலளவு காய்கனிக்கும், புகைபிடிப்பவர்களிடம் இந்நோய் 8 சதவீதமும், விட்டவர்களிடம் 4 சதவீதமும் குறைவாகக் காணப்பட்டது. டென்மார்க்கில் 56,000 பேரை 23 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த 2019ஆம் ஆண்டின் ஆய்வு, தேநீர், ஆப்பிள், ஆரஞ்சு போன்றவற்றில் உள்ள ஃபிளேவனாய்டுகளை நாளொன்றுக்குச் சுமார் 500 மி.கி. வரை பெற்றவர்களிடம் இறப்பு குறைவாக இருந்ததையும், அந்த வேறுபாடு புகைபிடிப்பவர்களிடமும் அதிகம் குடிப்பவர்களிடமும் கூடுதலாகத் தெரிந்ததையும் பதிவு செய்தது. புகையின் கேட்டை ஃபிளேவனாய்டு ஈடுகட்டிவிடாது என்று அந்த ஆய்வாளர்களே சேர்த்துச் சொன்னார்கள். செய்தித் தலைப்புகளில் பெரும்பாலும் அந்த வரி இடம்பெறவில்லை.

இந்த வழியில் நடக்க அரிய பழங்களோ இறக்குமதி விதைகளோ தேவையில்லை. நூறு கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 200 மி.கி. வைட்டமின் சி இருக்கிறது. புகைபிடிப்பவருக்கான கூடுதல் 35 மி.கி.-யையும் சேர்த்து ஒரு நாளைக்கு வேண்டியது முழுவதும் நடுத்தர அளவுள்ள ஒரே கொய்யாவில் வந்துவிடும். நெல்லிக்காயும் அப்படியே. முருங்கைக்கீரைப் பொரியலில் எண்ணெயும் தேங்காயும் சேர்வதால் கரோட்டின் சற்றுக் கூடுதலாகவே உறிஞ்சப்படும், ஆனாலும் அது உணவின் வரம்புக்குள்தான் நிற்கும். கேரட், பூசணி, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் பீட்டா கரோட்டின் இருக்கிறது என்பதற்காகப் புகைப்பவர் அவற்றைத் தவிர்க்க வேண்டுமோ என்ற ஐயம், மாத்திரை ஆய்வுகளைப் பாதி மட்டும் கேள்விப்பட்டவர்களுக்கு வருகிறது. அந்த ஐயத்துக்கு இடமே இல்லை.

உணவு வழிக்கும் எச்சரிக்கைகள் உண்டு, ஆனால் அவை புகையால் வருபவையல்ல. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குப் பழமும் கீரையும் தரும் பொட்டாசியம் சுமையாகலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், கீரையின் அளவைத் திடீரென்று கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் வைத்துக்கொண்டால் போதும். நீண்டநாள் புகைத்தவர்களில் இதயநோயாளிகள் பலர் என்பதால் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

சாறும் பொடியும்: நடுவில் நிற்கும் வழி

உணவு பாதுகாப்பானது என்றால் உணவின் சாறும் பாதுகாப்பானதுதானே என்பது அடுத்த கேள்வி. ஒரு பெரிய தம்ளர், அதாவது ஏறக்குறைய 240 மி.லி. கேரட் சாற்றில் 20 மி.கி.-க்குச் சற்று மேலாகவே பீட்டா கரோட்டின் இருக்கும். எண்ணிக்கையில் பின்லாந்து மாத்திரையின் அளவு அது. அரைத்து வடிகட்டும்போது செல்சுவர் உடைந்துவிடுவதால், மென்று தின்னும் கேரட்டைவிட இதிலிருந்து உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளவும் செய்யும். மாதக்கணக்கில் குடிப்பவர்களின் உள்ளங்கையில் மஞ்சள் படர்வதைப் பார்த்தாலே அது விளங்கும். கேரட் சாறு புகைப்பவருக்குப் புற்றுநோயைக் கூட்டியது என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை. சாறு மாத்திரையும் அன்று, அதில் வேறு சத்துகளும் கலந்தே வருகின்றன. ஆயினும் நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டோ ஒரு கட்டு பீடியோ பிடிக்கும் ஒருவர் தினமும் காலையில் ஒரு பெரிய தம்ளர் கேரட் சாற்றை விரதம்போலக் குடிக்க நினைத்தால், அதைப் பொரியலாகவும் கூட்டாகவும் மாற்றிக்கொள்ளச் சொல்வதே என் தீர்ப்பு. எப்போதாவது குடிப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. எலுமிச்சை, சாத்துக்குடி, நெல்லிச் சாறுகளில் பீட்டா கரோட்டின் பொருட்படுத்தும் அளவில் இல்லையாதலால் இந்தத் தயக்கம் அவற்றுக்குப் பொருந்தாது.

பொடிகளில் முருங்கை இலைப் பொடி இப்போது எங்கும் விற்பனையாகிறது. ஒரு தேக்கரண்டி சாம்பாரில் தூவினால் அது உணவு. அதையே கேப்ஸ்யூலில் அடைத்து, நுரையீரலைச் சுத்தப்படுத்தும் என்று விளம்பரம் செய்தால் அது வேறு வியாபாரம். நுரையீரலில் படிந்த தார் என்னும் புகைக் கசடைக் கழுவி எடுக்கும் உணவோ பொடியோ கிடையாது. பச்சைத் தேநீரைப் பற்றியும் ஒரு சொல்: அதிகம் புகைப்பவர்கள் நான்கு மாதம் தினமும் நான்கு கோப்பை பச்சைத் தேநீர் குடித்தபோது, சிறுநீரில் வெளிப்படும் டிஎன்ஏ சேதத்தின் அடையாளப் பொருள் ஒன்று 31 சதவீதம் குறைந்ததாக அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் அடையாளப் பொருள் குறைவதும் நோய் குறைவதும் ஒன்றல்ல. பீட்டா கரோட்டின் மீதான நம்பிக்கையும் இத்தகைய இடைநிலைச் சான்றுகளின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. தேநீராகக் குடிக்கலாம். செறிவூட்டிய பச்சைத் தேநீர்ச் சாற்று மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

எல்லா மாத்திரையும் ஒன்றா?

அல்ல. விலக்க வேண்டியவற்றில் முதலிடம் பீட்டா கரோட்டினுக்கும் அதிக அளவு வைட்டமின் ஏ-வுக்கும்தான். வைட்டமின் ஈ பின்லாந்தில் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆனால் மூளை இரத்தக்கசிவால் இறந்தவர்கள் அதை எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தனர். அங்கே புராஸ்டேட் புற்றுநோய் குறைந்தது என்று மகிழ்ந்து அமெரிக்காவில் 35,533 ஆண்களிடம் 400 ஐயூ அளவில் சோதித்தபோது அது 17 சதவீதம் கூடியது. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2022இல் வெளியிட்ட பரிந்துரை, இதயநோயையோ புற்றுநோயையோ தடுக்கும் நோக்கில் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஈ-யையும் எடுக்க வேண்டாம் என்று பொதுவாகவே, புகைக்காதவர்களுக்கும் சேர்த்தே, சொல்கிறது.

வைட்டமின் சி மாத்திரை இவ்வரிசையில் மிகக் குறைந்த கவலைக்குரியது. புகையை விட முடியாத கர்ப்பிணிகளுக்குத் தினமும் 500 மி.கி. கொடுத்து அமெரிக்காவின் ஒரிகனை மையமாகக் கொண்டு நடந்த சோதனையில், பிறந்த குழந்தைகளின் நுரையீரல் செயல்பாடு மேம்பட்டிருந்தது. 2014இல் வெளியான அந்த முடிவு, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளின் கதையில் அரிதாகக் கிடைத்த நல்ல பக்கம். அதை மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கொய்யாவே போதும்.

புகையிலை மெல்பவர்களின் வாயில் தோன்றும் வெண்படலத்துக்குப் பல் மருத்துவர்கள் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எழுதித் தருவது நம் ஊரில் வழக்கம். அதற்கு ஒரு பின்னணி உண்டு. திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையத்தில் 160 பேரை வைத்து நடத்தி 1997இல் வெளியிட்ட சோதனையில், ஓராண்டு வைட்டமின் ஏ எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும் படலம் முழுமையாக மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம். ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் மறைந்தவர்களில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கினருக்குத் திரும்பி வந்துவிட்டது. மருத்துவர் கண்காணிப்பில், குறித்த காலத்துக்கு, ஒரு நோய்க்காகத் தரப்படும் மருந்து அது. அந்த மாத்திரையை எழுதித் தரும் மருத்துவரிடம், ‘டாக்டர், நான் பீடியும் பிடிக்கிறேன்’ என்ற தகவலைத் தானாகவே முன்வந்து சொல்லிவிடுவது நோயாளியின் பொறுப்பு. மெல்லுவதைப் பார்ப்பவர் புகைப்பதைக் கேட்க மறந்திருக்கலாம்.

பீடி பிடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்துமா என்ற ஐயம் எழலாம். பின்லாந்தில் சோதிக்கப்பட்டவர்கள் சிகரெட் பிடித்தவர்கள். ஆனால் கேட்டுக்குக் காரணம் புகை நுரையீரலில் செய்யும் வேலையே. பீடிப் புகை தரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவையல்ல. எனவே பீடிக்குத் தனிச் சலுகை தர எந்த முகாந்திரமும் இல்லை.

அட்டையின் பின்பக்கம்

மருந்துக் கடையில் கேட்டால் ‘சத்து மாத்திரைதான் சார், ஒன்றும் செய்யாது’ என்றே பதில் வரும். அட்டையைத் திருப்பிப் பார்ப்பதே மேல். பொடி எழுத்தில் வரும் பட்டியலில் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஏ, அதன் ஒரு வடிவமான ரெட்டினைல் பால்மிடேட் என்ற பெயர்களைத் தேட வேண்டும். லைக்கோபின், செலினியம், துத்தநாகம் என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் கேப்ஸ்யூலிலும் பின்பக்கத்தில் பீட்டா கரோட்டின் இருக்கக்கூடும். ‘பீட்டா கரோட்டின் 30% – 10 மி.கி.’ என்று காணும் இடத்தில், பத்து மில்லிகிராம் கலவையில் முப்பது சதவீதமே, அதாவது 3 மி.கி.-யே பீட்டா கரோட்டின். சதவீதம் குறிக்கப்படாவிட்டால் எழுதியுள்ள முழு அளவையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வரை போகலாம் என்பதில் நாடுகளுக்கிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல், மாத்திரையாகவும் நிறமூட்டியாகவும் நாளொன்றுக்கு 15 மி.கி.-க்குக் கீழ் எடுப்பது அதிகம் புகைப்பவருக்கும் கவலை தருவதன்று என்றது. பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையோ, மற்றவர்கள் 7 மி.கி.-ஐத் தாண்ட வேண்டாம் என்றும், புகைபிடிப்பவர்களும் ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தவர்களும் பீட்டா கரோட்டின் மாத்திரையே எடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. நன்மை எதுவும் நிரூபிக்கப்படாத ஒன்றுக்காக வரம்பின் ஓரம்வரை போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? பிரிட்டனின் கண்டிப்பே எனக்குச் சரியாகப் படுகிறது. சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் ஓரிரு மில்லிகிராமை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதுவும் இல்லாத ஒன்று கிடைக்கும்போது அதையே வாங்கிக்கொள்ளலாம்.

எதையும் மாற்றாமல் இருந்தால், எல்லாவற்றையும் நிறுத்தினால்

சாப்பாட்டை மாற்றாமல் பழையபடியே புகைத்துக்கொண்டிருப்பது, மாத்திரை வழியைவிடப் பாதுகாப்பானது என்பதே மேற்சொன்ன ஆய்வுகளின் விசித்திரமான விளைவு: வெற்று மாத்திரை எடுத்தவர்கள்தானே குறைவாக நோயுற்றார்கள். ஆனால் அது ஒரு தெரிவாக நிற்கத் தகுதியற்றது. புகைப்பவரிடம் வைட்டமின் சி குறைவது உண்மை என்பதால், உணவு வழி அதைவிட எல்லா வகையிலும் மேல்.

உணவு வழிக்கு உள்ளிருந்தே வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. தைவானில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஒரு சோதனையில், புகைபிடிப்பவர்கள் அனைவருக்கும் சத்தில்லாத வெற்று மாத்திரையே தரப்பட்டது. பாதிப் பேரிடம் மட்டும் அது வைட்டமின் என்று சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் அதன்பின் மற்றவர்களைவிட அதிகமாகப் புகைத்தார்கள். சத்து ஏதோ உள்ளே போயிருக்கிறது என்ற எண்ணமே கையைத் தளர்த்திவிடுகிறது. ‘காலையில்தான் நெல்லிச்சாறு குடித்தேனே’ என்று அடுத்த சிகரெட்டைப் பற்றவைப்பவரிடமும் இதே கணக்கு ஓடாது என்று சொல்ல முடியாது. வீட்டில் சமைப்பவர்கள் கீரையை வைக்கும்போது அதைப் புகைக்கு மாற்று மருந்தாகச் சொல்லாமல், வெறும் கீரையாக வைப்பதே நல்லது.

நிறுத்துவதால் கிடைப்பதோடு ஒப்பிட்டால் உணவின் பயன் மிகச் சிறிது. பிரிட்டன் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து டாலும் பீட்டோவும் 2004இல் வெளியிட்ட கணக்கில், தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். 60 வயதில் நிறுத்தினாலும் அதில் மூன்று ஆண்டும், 50இல் நிறுத்தினால் ஆறும், 40இல் நிறுத்தினால் ஒன்பதும் மீள்கின்றன. எந்த உணவு ஆய்வும் இதன் அருகில்கூட வரும் எண்ணைத் தந்ததில்லை. இந்தியாவில் நிறுத்த நினைப்பவர்கள், சிகரெட், பீடிப் பொதிகளின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.

நிறுத்திய பிறகு கேப்ஸ்யூல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்குக் கண் மருத்துவத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவுக்குத் தரப்படும் சத்துக் கலவையில் முன்பு பீட்டா கரோட்டின் சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக, வேறு இரு கரோட்டினாய்டுகளான லூட்டின் 10 மி.கி.-யும் ஸீயாக்சாந்தின் 2 மி.கி.-யும் சேர்த்துச் சோதித்து 2013இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், அப்போது புகைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுக்காமல் தவிர்த்திருந்தார்கள். அப்படியிருந்தும், பீட்டா கரோட்டின் பெற்ற பிரிவில் 2 சதவீதத்தினருக்கும், பெறாத பிரிவில் 0.9 சதவீதத்தினருக்கும் நுரையீரல் புற்றுநோய் கண்டது. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் எப்போதோ புகையை விட்டவர்கள். ஆகவே கண்ணுக்கான மாத்திரை எழுதித் தரப்படும்போது, பல ஆண்டுகளுக்கு முன்பு விட்டிருந்தாலும் பழைய பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லி, பீட்டா கரோட்டின் இல்லாத, லூட்டின் உள்ள கலவையைக் கேட்டு வாங்க வேண்டும்.